நீச்சல் குளத்துத் தண்ணீர் கலங்கிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு நீச்சல் குளத்துத் தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆகிவிட்டது, பச்சையாகிவிட்டது, என்ன ஊற்றியும் தெளியவில்லை என்பவர்களுக்காக எழுதியது. தண்ணீரைச் சோதிக்காமல் எதையும் ஊற்றாதீர்கள், அடித்தரை தெளிவாகத் தெரியும்வரை யாரையும் இறங்க விடாதீர்கள். இந்த இரண்டையும் சுற்றித்தான் கீழே உள்ள பதில்கள் எல்லாம்.

லேசாகத்தான் மங்கலாக இருக்கிறது. இறங்கிக் குளிக்கலாமா?

வேண்டாம். கரையில் நின்று குளத்தின் ஆழமான பகுதியைப் பாருங்கள். அங்கே அடியில் இருக்கும் வடிகால் மூடியின் கம்பிகளோ துளைகளோ தனித்தனியாகத் தெரிய வேண்டும். "அங்கே ஏதோ வட்டமாக இருக்கிறது" என்ற அளவில் தெரிந்தால் போதாது. தண்ணீருக்குள் மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோலக் கத்துவதில்லை, கையை ஆட்டிக் கூப்பிடுவதும் இல்லை, பெரும்பாலும் சத்தமே இல்லாமல் கீழே போய்விடுவார். மங்கலான தண்ணீரில் ஒரு குழந்தை அடியில் கிடந்தால் பக்கத்திலேயே நிற்பவருக்கும் தெரியாது. கிருமி, தோல் அரிப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் ஆபத்து இதுதான்.

கலங்கல் என்றால் பெரும்பாலும் குளோரின் தன் வேலையைச் செய்யவில்லை என்றும் அர்த்தம். பாசி வளர இடம் கிடைத்த தண்ணீரில் காதுவலி தரும் பாக்டீரியாவுக்கும் வயிற்றுப்போக்குக் கிருமிக்கும் இடம் கிடைக்கும். குளோரின் இல்லாமல் வெதுவெதுப்பாகக் கிடக்கும் தண்ணீரில், மூக்கு வழியாக ஏறி மூளையைத் தாக்கும் அமீபாகூட இருக்க முடியும். அது அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. அதனால் சுத்தம் செய்யும் நாட்களில் கதவைப் பூட்டி வையுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

தண்ணீர் ஏன் கலங்குகிறது?

காரணங்கள் நிறைய இருந்தாலும் பெரும்பாலானவை மூன்றுக்குள் அடங்கிவிடும். குளோரின் போதாமல் பாசி ஆரம்பித்திருக்கும் (பச்சையாகத் தெரிவதற்கு முன் பாசி வெறும் மங்கலாகத்தான் தெரியும்). அல்லது ஃபில்டர் சரியாக வடிகட்டாது. அல்லது பிஎச்சும் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) கடினத்தன்மையும் ஏறிப்போய், கரைந்திருந்த சுண்ணாம்பு வெள்ளைத் தூளாகப் பிரிந்து மிதக்கும். சில சமயம் மூன்றும் சேர்ந்தே வரும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு, ஒன்றின் மருந்து இன்னொன்றைக் கெடுக்கவும் செய்யும். அதனால்தான் காரணம் தெரியாமல் மருந்து வாங்காதீர்கள் என்கிறேன்.

சரி, முதலில் எதை ஊற்றுவது?

எதையும் இல்லை. முதலில் டெஸ்ட் கிட் எடுங்கள். முழங்கை ஆழத்தில், தண்ணீர் திரும்பி வரும் குழாய்க்குத் தள்ளி, ஒரு குப்பியில் தண்ணீர் எடுத்து இவற்றைப் பாருங்கள்:

- தனிக் குளோரின் (வேலை செய்யத் தயாராக இருக்கும் குளோரின்): 1 முதல் 3 பிபிஎம். ஸ்டெபிலைசர் (வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் பொருள்) போடும் குளமாக இருந்தால் 2-க்குக் கீழே விடாதீர்கள்.
- மொத்தக் குளோரின்: இதிலிருந்து தனிக் குளோரினைக் கழித்தால் வருவது, அழுக்கோடு சேர்ந்து செயலிழந்துபோன குளோரின். அது 0.5 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது.
- பிஎச்: 7.2 முதல் 7.8. நான் 7.4 பக்கம் வைக்கச் சொல்வேன்.
- காரத்தன்மை (பிஎச் சட்டென்று மாறாமல் தாங்கிப் பிடிப்பது): 80 முதல் 120 பிபிஎம்.
- கடினத்தன்மை: 200 முதல் 400 பிபிஎம்.
- ஸ்டெபிலைசர், அதாவது சயனூரிக் ஆசிட்: 30 முதல் 50 பிபிஎம்.

பிபிஎம் என்பது ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்பதுதான், பயப்பட ஒன்றுமில்லை.

பட்டையை நனைத்துப் பார்க்கும் டெஸ்ட் போதுமா?

அன்றாடம் ஒரு பார்வைக்குப் போதும். கலங்கிய குளத்தைச் சரிசெய்யும்போது போதாது. சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் கிட் வாங்குங்கள், அதிலும் இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி வகையாகப் பாருங்கள். மஞ்சள் நிறம் காட்டும் பழைய வகை மொத்தக் குளோரினை மட்டும்தான் சொல்லும், அதில் எவ்வளவு வேலைக்கு ஆகும் என்று சொல்லாது.

டிபிடியிலும் ஒரு பொறி இருக்கிறது. குளோரின் மிக அதிகமாக, 10 பிபிஎம்-ஐத் தாண்டி இருந்தால், சொட்டு விட்டவுடன் ஒரு நொடி சிவந்துவிட்டு நிறம் வெளுத்துப்போகும். பார்ப்பவர் "குளோரினே இல்லை" என்று நினைத்து இன்னும் ஊற்றுவார். சந்தேகம் வந்தால் அதே தண்ணீரில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு குளோரின் இல்லாத குடிநீர் கலந்து மறுபடி சோதித்து, வரும் எண்ணை நான்கால் பெருக்குங்கள். அப்புறம், அவ்வளவு குளோரின் இருக்கும்போது பிஎச் எண்ணையும் நம்பாதீர்கள், இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

என் குளத்தில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்றே தெரியாதே?

நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 1,000-ஆல் பெருக்குங்கள். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒரு பக்கம் 1.1 மறுபக்கம் 1.7 மீட்டர் ஆழம் என்றால் சராசரி 1.4, ஆக 44,800 லிட்டர். சுமார் 45,000 என்று வைத்துக்கொள்ளலாம். வட்டக் குளமென்றால் விட்டம் × விட்டம் × ஆழம் × 785. இந்த எண்ணைப் பம்ப் அறைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். இதைத் தெரியாமல் ஊற்றும் எந்த மருந்தும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவதுதான்.

குளோரின் எண் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பாசி பிடிக்கிறதே?

பிஎச்சைப் பாருங்கள். தண்ணீரில் குளோரின் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று கிருமியை வேகமாகக் கொல்லும், மற்றது மந்தம். ஸ்டெபிலைசர் இல்லாத தண்ணீரில் பிஎச் 7.5 இருக்கும்போது ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 8-ஐத் தொட்டால் வேகமான பங்கு கால்வாசிக்கும் கீழே இறங்கிவிடும். டெஸ்ட் கிட் இரண்டையும் சேர்த்தே காட்டுவதால் எண் நன்றாக இருக்கிற மாதிரி தோன்றும். அடுத்து ஸ்டெபிலைசரைப் பாருங்கள், அதுவும் இதே வேலையைச் செய்யும், இன்னும் மோசமாக. அதற்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

குளோரின் வாடை மூக்கைத் துளைக்கிறது, கண் எரிகிறது. குளோரினைக் குறைக்க வேண்டுமா?

நேர்மாறாக, பெரும்பாலும் கூட்ட வேண்டும். அந்த வாடை நல்ல குளோரினுடையது இல்லை. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உருவாகும் குளோரமின் என்ற பொருளின் வாடை. கண் எரிச்சலுக்கும் அதுதான் பெரும்பாலும் காரணம். நன்றாகப் பராமரிக்கிற திறந்தவெளிக் குளத்தில் வாடை அநேகமாக இருக்காது. செயலிழந்த குளோரினைப்போல் பத்து மடங்கு குளோரினை ஒரேயடியாகச் சேர்த்தால் அது உடைந்து போகும். 0.8 பிபிஎம் இருந்தால் 8 பிபிஎம் சேர்க்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் வாடை கூடுமே தவிர போகாது. இறங்கும் முன் ஒரு நிமிடம் ஷவரில் நிற்க எல்லோரையும் பழக்குங்கள், இந்தத் தொல்லையில் பெரும்பகுதி அங்கேயே தீரும்.

ஷாக் கொடுப்பது எப்படி?

ஷாக் என்றால் குளோரினை வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏற்றி, பாசி சாகும்வரை அந்த அளவிலேயே வைத்திருப்பது. இதை அவசரமில்லாமல் படியுங்கள், கலங்கிய குளங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் வைத்தியம்.

முதலில் இலை, தழை, செத்த பூச்சி எல்லாவற்றையும் வலையால் அள்ளுங்கள். அடியில் இலை மக்கிக்கிடந்தால் எத்தனை குளோரின் ஊற்றினாலும் அது தின்றுகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வலையை அடியோடு அடியாகத் தள்ளிப் பாருங்கள். பிறகு ஆசிட் விட்டுப் பிஎச்சை 7.2 பக்கம் இறக்குங்கள் (ஸ்டெபிலைசரான சயனூரிக் ஆசிட் இல்லை, பிஎச்சைக் குறைக்கும் ஆசிட்), ஏனென்றால் குளோரின் ஏறிய பிறகு பிஎச்சைச் சரியாக அளக்க முடியாது. அப்புறம் சுவர், படி, ஏணிக்குப் பின்புறம், விளக்குச் சட்டத்தின் ஓரம் எல்லாவற்றையும் பிரஷ்ஷால் தேயுங்கள். பாசி மேலே ஒரு வழவழப்பைப் போர்த்திக்கொண்டிருக்கும், அதைக் கிழித்தால்தான் குளோரின் உள்ளே போகும்.

பொழுது சாய்ந்ததும் குளோரினை ஊற்றுங்கள். ஸ்டெபிலைசர் இல்லாத குளத்தில் பகல் வெயில் ஓரிரு மணி நேரத்திலேயே பெரும்பகுதிக் குளோரினை அழித்துவிடும். எவ்வளவு ஊற்றுவது? 10 சதவீதத் திரவக் குளோரின் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 100 கிராம் குளோரின் இருக்கும், அது 10,000 லிட்டர் தண்ணீரில் 10 பிபிஎம் ஏற்றும். நமது 45,000 லிட்டர் குளத்தில் சுமார் 2.2 பிபிஎம். ஸ்டெபிலைசர் 40 பிபிஎம் இருந்தால் தனிக் குளோரினை 16 பிபிஎம் வரை கொண்டுபோக வேண்டும் (ஸ்டெபிலைசர் எண்ணில் 40 சதவீதம் என்ற கணக்கு), அதாவது பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தால் ஏழு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. பம்ப் ஓடும்போது, தண்ணீர் திரும்பி வரும் குழாய்க்கு எதிரே, மெல்லிய தாரையாக ஊற்றுங்கள்.

இனிமேல்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஒரு இரவு ஊற்றிவிட்டு மறுநாள் தெளியவில்லையே என்று வேறு டப்பா வாங்கப் போகிறார்கள். குளோரின் 16-க்கு ஏறி, பாசியைக் கொன்று, காலையில் 5-க்கு இறங்கியிருக்கும். மறுபடி 16-க்கு ஏற்ற வேண்டும். சோதி, ஏற்று, தேய், ஃபில்டரைக் கவனி, மறுபடி சோதி. பச்சை முதலில் சாம்பல் கலந்த வெள்ளையாகும், அது நல்ல அறிகுறி, பாசி செத்துவிட்டது என்று அர்த்தம். பிறகு வெள்ளை தெளியும். முடிந்ததா என்று அறிய ஒரு சோதனை: இரவு இருட்டிய பிறகு தனிக் குளோரினை அளந்து, விடியற்காலையில் வெயில் படுமுன் மறுபடி அளங்கள். 1 பிபிஎம்-க்குமேல் குறையாமல், தண்ணீரும் தெளிவாக, செயலிழந்த குளோரினும் 0.5-க்குள் இருந்தால் முடிந்தது. குறைந்திருந்தால் உள்ளே இன்னும் ஏதோ உயிரோடு இருக்கிறது.

குளோரின் மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அது போதாதா?

மிதக்கும் டப்பாவில் போடும் மாத்திரை பெரும்பாலும் டிரைகுளோர். அது ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரின் கொடுக்கும்போதும் 6 பிபிஎம் சயனூரிக் ஆசிடையும் விட்டுவிட்டுப் போகும். குளோரின் செலவாகிவிடும், சயனூரிக் ஆசிட் செலவாகாது, ஆவியாகாது, ஃபில்டரிலும் நிற்காது. மாதக்கணக்கில் மாத்திரையே போட்டால் 100-ஐத் தாண்டிவிடும். 100 இருக்கும் குளத்தில் அன்றாடமே 7 பிபிஎம்-க்குமேல் குளோரின் தேவை, ஷாக்குக்கு 40 பிபிஎம். அதைச் செய்து மாளாது. ஒரே வழி, பாதித் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவது, அப்போது எண்ணும் பாதியாகும். மாத்திரை கெட்டதில்லை, ஊருக்குப் போகும்போது வசதி. முழுநேரமும் அதை மட்டுமே நம்பியிருப்பதுதான் கெடுதல்.

பிளீச்சிங் பவுடர் போடலாமா?

போடலாம், ஆனால் அதில் கரையாத சுண்ணாம்பு நிறைய இருக்கும், அப்படியே தூவினால் கலங்கல் கூடும். பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் பவுடரைப் போட்டுக் கலக்கி, ஓரிரு மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். கடினத்தன்மை ஏற்கனவே அதிகமுள்ள குளத்தில் இதைத் தவிருங்கள். 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் இதைவிடச் சுத்தம், 10,000 லிட்டருக்கு 15 கிராம் போட்டால் 1 பிபிஎம் ஏறும். ஆனால் அதிலும் கால்சியம் உண்டு.

குளோரின் சரி, பிஎச் சரி, பாசி இல்லை. ஆனாலும் தெளியவில்லையே?

அப்படியானால் ஃபில்டருக்கு வாருங்கள். மருந்து பாசியைக் கொல்லும், பிணத்தை அள்ள ஃபில்டர்தான் வேண்டும்.

முதல் கேள்வி, பம்ப் எத்தனை மணி நேரம் ஓடுகிறது? கலங்கிய தண்ணீர் தெளியும்வரை இரவும் பகலும் ஓட வேண்டும். மணிக்கு 10,000 லிட்டர் தள்ளும் பம்ப் 45,000 லிட்டரை நாலரை மணி நேரத்தில் சுற்றிவிடும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் வடிகட்டிய தண்ணீர் வடிகட்டாததோடுதான் திரும்பக் கலக்கிறது, அதனால் ஒரு சுற்றில் உண்மையில் 63 சதவீதத் தண்ணீர்தான் ஃபில்டரைப் பார்த்திருக்கும். நான்கு சுற்று, அதாவது பதினெட்டு மணி நேரம் ஓடினால்தான் 98 சதவீதம். காசை மிச்சப்படுத்தக் காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் ஓடும் குளம் ஏன் தெளிவதில்லை என்பதற்கு இதுவே பதில்.

அடுத்து ஃபில்டர் எந்த வகை என்று பாருங்கள். மணல் ஃபில்டர் 20 முதல் 40 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள துகளைப் பிடிக்கும். கார்ட்ரிட்ஜ் 10 முதல் 20. டயட்டம் மண் ஃபில்டர் 3 முதல் 5. செத்த பாசித் துகள் சில மைக்ரான்தான் இருக்கும் என்பதால் மணலில் நழுவித் திரும்பி வரும், பல சுற்றுக்குப் பிறகே மாட்டும். மணல் ஃபில்டர் வைத்திருப்பவருக்குப் பொறுமை அதிகம் தேவை.

மணல் ஃபில்டரில் பிரஷர் கேஜைப் பாருங்கள். சுத்தமாக இருக்கும்போது என்ன எண் என்று தெரிந்திருக்க வேண்டும், பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். அதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறியதும் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவது. பம்ப்பை நிறுத்திவிட்டுத்தான் வால்வுக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும், ஓடும்போது திருப்பினால் உள்ளேயிருக்கும் ரப்பர் கிழிந்து, அழுக்குத் தண்ணீர் வடிகட்டாமலேயே குளத்துக்குப் போக வழி பிறந்துவிடும். பேக்வாஷ் போட்டதும் வால்வோரம் இருக்கும் சின்னக் கண்ணாடிக் குமிழைக் கவனியுங்கள். முதலில் பழுப்பாக ஓடும், வெளுக்கும், மறுபடி ஒரு தரம் திடீரென்று கறுக்கும், அந்த இரண்டாவது அழுக்கும் போய்க் குமிழ் தெளிந்த பிறகே நிறுத்துங்கள். பிறகு அரை நிமிடம் ரின்ஸ், அப்புறம் ஃபில்டர். ரின்ஸை விட்டுவிட்டால் மிச்ச அழுக்கு ஒரு புகைபோலக் குளத்துக்குள் வரும். தினமும் பேக்வாஷ் செய்வதும் நல்லதில்லை. மணலில் கொஞ்சம் அழுக்கு தங்கியிருந்தால் நுண்ணிய துகளை அது கூடுதலாகப் பிடிக்கும், பிரஷர் ஏறினால் மட்டும் செய்யுங்கள். குளத்தடியில் திரும்பும் குழாய்க்குக் கீழே மணல் குவிந்திருந்தால் ஃபில்டரின் உள்குழாய் உடைந்திருக்கிறது. மணலை ஐந்து முதல் ஏழு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம்.

கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் பம்ப்பை நிறுத்தி, காற்றுத் திருகைத் திறந்து பிரஷரை இறக்கிய பிறகே மூடியைக் கழற்றுங்கள். பிரஷரோடு திறந்த மூடி பறந்து ஆளைக் கொல்லும். மடிப்பு மடிப்பாக விரித்து மேலிருந்து கீழாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். காய்ந்த பின் மடிப்பு பளபளவென்று எண்ணெய்ப் பிசுக்காகத் தெரிந்தால் அதற்கான கழுவு திரவத்தில் ஓர் இரவு ஊறவிடுங்கள். துணி நைந்திருந்தால் புதிது வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொன்று, திரும்பி வரும் குழாய் முன்னால் கையை வைத்துப் பாருங்கள். பொடிப்பொடிக் குமிழிகள் கையில் படிந்தால் உறிஞ்சும் பக்கம் எங்கோ காற்று புகுகிறது. அந்தக் குமிழிகளே தண்ணீரை மங்கலாகக் காட்டும். பம்ப் மூடியின் ரப்பர் வளையத்தையும் ஸ்கிம்மர் (மேல்தண்ணீரை உறிஞ்சும் சுவர்த் திறப்பு) அளவுக்குத் தண்ணீர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கலங்கல் சுண்ணாம்பா, பாசியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு கண்ணாடி டம்ளரில் குளத்துத் தண்ணீர் எடுங்கள். ஒன்றில் மட்டும் இரண்டு ஸ்பூன் வினிகர் விட்டுக் கலக்கி, இரண்டையும் கறுப்புத் துணிக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். வினிகர் விட்டது கொஞ்ச நேரத்தில் தெளிந்து மற்றது அப்படியே இருந்தால் மிதப்பது சுண்ணாம்பு. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் பாசியோ தூசியோ. பார்த்ததும் கீழே கொட்டிவிடுங்கள், குளோரின் டப்பா பக்கம் வினிகரைக் கொண்டுபோக வேண்டாம்.

சுண்ணாம்பு என்றால் ஷாக் கொடுத்துப் பயனில்லை. பிஎச்சை 7.2 பக்கம் இறக்கி, காரத்தன்மையை 80 பக்கம் வைத்து, பம்ப்பை ஓட விட்டால் பெரும்பாலும் மறுபடி கரைந்துவிடும். ஆசிடைக் கணக்கிட்ட அளவில் பாதி ஊற்றி, சில மணி நேரம் கழித்துச் சோதித்து, மீதியை முடிவு செய்யுங்கள். காரத்தன்மை குறைவாக இருந்தால் சமையல் சோடா, 10,000 லிட்டருக்கு 170 கிராம் போட்டால் 10 பிபிஎம் ஏறும். ஒரேயடியாகக் கொட்டினால் தற்காலிகமாகக் கலங்கும். கடினத்தன்மை 500, 600 என்று போய்விட்டால், அதைக் குறைக்கத் தண்ணீரை ஓரளவு மாற்றுவதே நடைமுறைக்கு ஒத்த வழி. நிரப்பும் தண்ணீரையும் சோதியுங்கள், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே 600 இருந்தால் மாற்றியும் பயனில்லை.

படிகாரம் போட்டால் ஒரே இரவில் தெளியுமாமே?

தெளியும், அடியில் படியும். ஆனால் படிந்ததை வெளியே எடுப்பதுதான் வேலை. படிகாரம் துகள்களைத் திரட்டிக் கனமாக்கி அடியில் இறக்கும், அப்போது பம்ப் நின்றிருக்க வேண்டும். மறுநாள் அந்த வெள்ளைப் படலத்தை வேக்குவம் வைத்து, ஃபில்டருக்குள் விடாமல் நேரே வெளியேற்ற வேண்டும். மெதுவாக, நத்தை வேகத்தில் நகர்த்துங்கள், கொஞ்சம் கலைந்தாலும் எல்லாம் மறுபடி எழும். குளத்துத் தண்ணீர் ஒரு நல்ல பங்கு போகும். வெளியேற்றும் வழி இல்லாத கார்ட்ரிட்ஜ் அமைப்பில் இதைச் செய்யவே வேண்டாம். படிகாரம் பிஎச்சையும் காரத்தன்மையையும் இறக்கும் என்பதால் பிறகு சோதிக்க மறக்காதீர்கள்.

கிளாரிஃபையர் வேறு. அது துகள்களைச் சிறிது திரட்டி ஃபில்டரில் மாட்ட வைக்கும், பம்ப் ஓட வேண்டும். சொன்ன அளவைத் தாண்டினால் அதுவே தண்ணீரை மங்கலாக்கும். என்னைக் கேட்டால், பாசி உயிரோடு இருக்கும்வரை இரண்டையும் தொடாதீர்கள். குளத்து மருந்து விற்கும் கடையில் முதலில் கையில் கொடுப்பது இவற்றைத்தான், உங்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் குளோரினும் பொறுமையும்.

தண்ணீர் பச்சை, ஆனால் கண்ணாடி மாதிரித் தெளிவு. குளோரின் ஊற்றியதும் பழுப்பானது. இது என்ன?

உலோகம். தெளிந்த பச்சை என்றால் செம்பாக இருக்கலாம், செம்பு கலந்த பாசிக்கொல்லியிலிருந்தோ, அமிலத் தண்ணீர் அரித்த ஹீட்டர் குழாயிலிருந்தோ வரும். குளோரின் பட்டதும் டீ நிறமானால் இரும்பு. மேற்கொண்டு ஷாக் கொடுக்காதீர்கள், சுவரிலும் தரையிலும் கறை ஏறும். உலோகத்தைப் பிடித்துவைக்கும் மருந்து தனியாக உண்டு. தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துவிட்டு அதைப் பயன்படுத்துங்கள்.

உப்புத் தண்ணீர்க் குளத்துக்குக் குளோரினே தேவையில்லைதானே?

அதுவும் குளோரின் குளம்தான். உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரின் அங்கேயே தயாராகிறது, அவ்வளவே. மேலே சொன்ன எண்கள் எல்லாம் பொருந்தும். பிஎச் தானாக ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால் அடிக்கடி பார்க்க வேண்டும். கலங்கியபின் இயந்திரத்தை முழுத் திறனில் வைத்துக் காத்திருப்பது வீண், அதன் வேகம் போதாது. ஷாக்குக்குத் திரவக் குளோரினை ஊற்றுங்கள்.

குழந்தை தண்ணீரில் மலம் கழித்துவிட்டது. என்ன செய்வது?

எல்லோரையும் வெளியேற்றுங்கள். கெட்டியான மலம் என்றால் வலையில் அள்ளி அப்புறப்படுத்தி, பிஎச் 7.5 அல்லது அதற்குக் கீழே, தனிக் குளோரின் 2 பிபிஎம், தண்ணீர் 25 டிகிரியோ அதற்கு மேலோ என்று வைத்து அரை மணி நேரம் காத்திருந்தால் போதும். வேக்குவம் வைத்து உறிஞ்சாதீர்கள்.

வயிற்றுப்போக்கு என்றால் விஷயம் வேறு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி ஓடு போர்த்தியது. 1 பிபிஎம் குளோரினில் ஈகோலி என்ற பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் சாகும், ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி முக்கால் மணி நேரம் தாங்கும், கிரிப்டோ பத்து நாளுக்கு மேல் தாங்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்லும் வழி: ஸ்டெபிலைசர் இல்லாத தண்ணீரில் 20 பிபிஎம் குளோரின், பிஎச் 7.5-க்கு மேல் போகாமல், 12.75 மணி நேரம். ஸ்டெபிலைசர் 15 பிபிஎம்-க்குமேல் இருந்தால் முதலில் தண்ணீரை மாற்றி அதை இறக்க வேண்டும். வயிற்றுப்போக்கு உள்ளவரை, பெரியவரானாலும் சரி, குளத்தில் இறக்கவே கூடாது. கிரிப்டோ என்று உறுதியானால் நின்ற பிறகும் இரண்டு வாரம்.

ஆசிட், குளோரின் எல்லாம் வீட்டில் வைக்கப் பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் நல்லது. குளோரினும் ஆசிடும் கலந்தால் விஷவாயு கிளம்பும், பம்ப் அறைபோன்ற அடைத்த இடத்தில் சில மூச்சிலேயே ஆளைச் சாய்க்கும். டிரைகுளோர் மாத்திரை இருந்த டப்பாவில் கால்சியம் ஹைப்போகுளோரைட் பொடியைப் போட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கும். இரண்டும் "குளோரின்தானே" என்று ஒரே கரண்டியால் அள்ளுவதில்தான் விபத்து நடக்கிறது. தனித்தனிக் கரண்டி, தனித்தனி இடம். எப்போதும் தண்ணீரில் மருந்தைச் சேருங்கள், மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள், காற்று உங்களிடமிருந்து தள்ளி வீசும் பக்கம் நில்லுங்கள். ஆசிட் ஊற்றிய பிறகு குளோரின் ஊற்றக் குறைந்தது அரை மணி நேரம் பம்ப் ஓடட்டும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள், பூட்டு போட்ட இடத்தில் அதன் சொந்த டப்பாவிலேயே இருக்கட்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, மொத்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டால்?

சில சமயம் அதுதான் சிக்கனம், குறிப்பாக ஸ்டெபிலைசரோ கடினத்தன்மையோ எகிறிப்போயிருந்தால். ஆனால் முழுதாகக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் நேரத்தில் காலிக் குளத்தை அது கீழிருந்து தூக்கிவிடும், கான்கிரீட் தொட்டிகூட விரிசல் விட்டு எழும்பும். வினைல் விரித்த குளத்தில் விரிப்பு சுருங்கும். மூன்றில் ஒரு பங்கு, பாதி என்று பிரித்து மாற்றுங்கள்.

எத்தனை நாளில் தெளியும்? எப்போது இறங்கலாம்?

லேசான மங்கல் ஓரிரு நாள். நல்ல பச்சை என்றால் ஒரு வாரம் ஆனாலும் ஆச்சரியமில்லை, மணல் ஃபில்டரில் இன்னும் கூடலாம். ஒவ்வொரு நாளும் முன்னேற்றம் தெரிந்தால் வழி சரி.

வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும், அது உடையாமல் இறுக்கமாகப் பொருத்தியும் இருக்க வேண்டும், உடைந்த மூடியின் உறிஞ்சு விசை முடியையும் உடலையும் பிடித்து இழுத்துக்கொள்ளும். இரவுச் சோதனை தேறியிருக்க வேண்டும். பிஎச் 7.2 முதல் 7.8. ஷாக் கொடுத்த குளோரின் இறங்கி, டப்பாவில் சொல்லியிருக்கும் குளிக்கும் அளவுக்குள், பொதுவாக 4 பிபிஎம்-க்குள் வந்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் இன்னொரு நாள் பொறுங்கள்.

காற்றடித்து வைக்கும் சின்னக் குழந்தைக் குளத்துக்கும் இதெல்லாம் வேண்டுமா?

வேண்டாம். அதில் ஃபில்டர் கிடையாது, குளோரின் அளவை நிலையாக வைக்கவும் முடியாது. குளித்து முடித்ததும் தண்ணீரைக் கொட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்து, கவிழ்த்து வெயிலில் காயவையுங்கள், அடுத்த முறை புதுத் தண்ணீர். நாளைக்கும் ஆகட்டும் என்று மூடி வைத்த தண்ணீரில் கிருமி வளரும், நாள்கணக்கில் நின்றால் கொசுவும் முட்டையிடும். ஒரு சாண் தண்ணீரிலும் குழந்தை மூழ்கும் என்பதால், குளித்தவுடன் கொட்டிவிட்டுத்தான் அந்த இடத்தைவிட்டு நகர வேண்டும்.